ஐந்தாம் எண் குடை

குடைக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கையில் குடை இல்லாமல் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய குடை, அவள் சற்று முன் இறங்கிய பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில், தனியாகப் பயணத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தது.

மழை நிற்பதாக இல்லை. நிறுத்தத்திலிருந்து கம்பெனி வாசல் இருநூறு அடி. ஓடினால் நனையலாம், நடந்தால் நன்றாக நனையலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான்...

“கேட் வரைக்கும்தானே? வாங்க, விட்டுட்டுப் போறேன்.”

திரும்பினாள். தோளில் பை, சட்டைப் பையில் பென்சில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நீள நோட்டு. மின்சார மீட்டர் படிப்பவன் என்று பார்த்ததும் தெரிந்தது. எதையும் கடைசி இலக்கம் வரை படித்துவிட்டுத்தான் நகரும் கண்கள். அந்தக் கண்கள் இப்போது அவளைப் படித்துக்கொண்டிருந்தன. அவள் சட்டென்று பார்வையைத் தாழ்த்தினாள்.

தாழ்த்திய பார்வை அவன் குடையின் பிடியில் போய் விழுந்தது. அங்கே ஒரு பித்தளை வளையம். அதில் 4 என்று வெட்டியிருந்தது.

“இந்தக் குடையை உங்களுக்கா குடுத்திருக்காங்க?”

“ஆமா. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். திருடலை.”

“கூட ஒரு படிவம் குடுத்தாங்களே, அதுல மூணாவது வரி படிச்சீங்களா?”

“‘இக்குடையின் கீழ் வேறொருவரை அழைத்துச் செல்லக் கூடாது.’” அவன் மனப்பாடமாகச் சொன்னான். “அதை எழுதின ஆள் மழையில நனைஞ்சதே இல்லை போல.”

“எழுதினது நான்தான்.”

அவன் மெல்லச் சிரித்தான்.

“அப்போ நீங்கதான் அந்த... ஏழுமூணா?”

கம்பெனியில் அவளுக்கு அந்தப் பெயர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அது வாசல் வரை பரவி, மீட்டர் படிக்க வருகிறவன் வரை போய்ச் சேர்ந்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. “ஆமா,” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

அவனும் நடந்தான். அவளுக்கு இரண்டு கை தள்ளி, குடையைத் தன் தலைக்கு மட்டும் நேராகப் பிடித்தபடி, விதியை மீறாமல்... இருநூறு அடியும் அவன் காய்ந்தே வந்தான், அவள் சொட்டச் சொட்ட வந்தாள். அவன் ஒரு இடத்தில்கூட அவளை முந்திக்கொண்டு போகவில்லை. அதைக் கவனித்ததற்காக அவள் தன்மேலேயே கோபப்பட்டாள்.

கேட்டில் காவலுக்கு இருப்பவரைக் கேட்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் இந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

“என்ன மேடம், அவர் குடையில இடமில்லையா?”

“இடம் இருக்கு. அனுமதி இல்லை,” என்றான் அவன்.

அவள் கூந்தலைப் பிழிந்துகொண்டே, மழை ஈரத்தில் மங்கிப்போன காவல் அறையின் ஜன்னல் கண்ணாடி முன் நின்றாள். நனைந்ததற்கான நியாயத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. விரலால் கண்ணாடியில் ஏழு புள்ளி வைத்தாள்.

“இங்க பாருங்க. ஏழு புதுத் துணி, ஏழு குடை. எது நல்லா தாங்குதுன்னு தெரியணும். ஏழு பேரும் ஏழு குடையையும் வாரம் ஒண்ணா பிடிச்சுப் பார்த்தா ஏழு வாரம் ஆகும். அதுக்குள்ள மழைக்காலமே முடிஞ்சிடும். மேலாளர் எனக்குக் குடுத்தது மூணு வாரம். அதனால ஆளுக்கு மூணு குடை மட்டும். அதான் இந்த ‘ஏழுமூணு’.”

“மூணை வச்சு ஏழையும் எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்றான் அவன்.

அவள் கண்ணாடியில் ஒரு முக்கோணம் போட்டாள். மூலைகளில் மூன்று புள்ளி, பக்கங்களின் நடுவே மூன்று, மையத்தில் ஒன்று. மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மூன்று கோடு. பிறகு பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்த்து ஒரு வட்டம்.

“புள்ளி எல்லாம் குடை. கோடு எல்லாம் ஆள். ஒவ்வொரு கோட்டுலயும் மூணு புள்ளி. எந்த ரெண்டு குடையை எடுத்தாலும், ரெண்டையும் பிடிச்சுப் பார்த்த ஒரே ஒரு ஆள் இருப்பார். ஒருத்தர்தான். அவர் தப்பா சொன்னா அந்த ரெண்டையும் ஒப்பிட வேற யாரும் கிடையாது.”

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த மழைநீர் எல்லாம் ஒளியாக மாறியதுபோல் அவனுக்குத் தோன்றியது. மீட்டர் படிப்பவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

“இதுல நான் எந்தக் கோடு?”

அவள் பட்டியலை நினைவுபடுத்திக்கொண்டாள். நான்கு, ஐந்து, ஏழு. அவள் விரல் வட்டத்தின்மேல் போய் நின்றது.

“நான் மட்டும் ஏன் வளைஞ்சிருக்கேன்?”

“நேரா போட இதுல வழியில்லை. மூணு புள்ளி சேர்ந்திருந்தா போதும், அதுவும் கோடுதான்.”

“எல்லாரும் நேரா போறப்போ நான் மட்டும் சுத்தி வரணும்... என் வேலையே அதுதானே,” என்று சொல்லிவிட்டு அவன் கம்பெனி மீட்டரைப் படிக்கப் போனான்.

அன்று மாலை மூன்றாம் மாடி வீட்டில் அண்ணி கதவைத் திறந்தாள். அண்ணன், அண்ணி, அவள்... இரண்டு அறையும் ஒரு பால்கனியும் கொண்ட வீடு. அங்கே ரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்ள இடம் கிடையாது.

“குடைக் கம்பெனிக்காரி தொப்பலா நனைஞ்சு வந்திருக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதே, வியாபாரம் படுத்துடும்.”

“ஒருத்தர் குடையில கூப்பிட்டார். நான்தான் போகலை.”

அண்ணி துண்டை நீட்டிய கையை நிறுத்தினாள். “யாரு?”

“நாலாம் நம்பர்.”

“பேர் கேட்டா நம்பர் சொல்ற பொண்ணை எவன் கட்டிக்குவானோ,” என்று சொல்லி அண்ணி அவள் தலையைத் தானே துவட்டிவிட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, இரண்டாம் எண் குடையை வைத்திருந்த கூரியர் பெண் படியில் சறுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். ஒரு கோடு இல்லாவிட்டால் ஏழும் வீண். புதிய ஆளைத் தேட நேரமில்லை. எந்த எண்ணில் எந்தத் துணி என்பது ஸ்டோர் அக்காவின் பூட்டிய மேஜைக்குள் இருந்தது, ஏழுமூணுக்கே தெரியாது. அதனால் அவளே அந்த இடத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டு, மூன்று, ஐந்து.

பட்டியலில் பெயரை மாற்றி எழுதும்போது ஒரு நொடி பேனா நின்றது. நான்கு, ஐந்து, ஏழு. இரண்டு, மூன்று, ஐந்து... பொதுவாக ஐந்து மட்டும். எந்த இருவருக்கும் ஒரே ஒரு குடைதான் பொது, அதைக் கண்டுபிடித்து மகிழ ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் மகிழ்ந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு பேரும் ஸ்டோருக்கு வந்து குடையை மாற்றிக்கொள்ள வேண்டும். அவன் நான்கைத் திருப்பிக் கொடுத்து ஐந்தை வாங்கினான். கேட்காரர் கையிலிருந்து வந்த குடை அது. அவர்தான் ஐந்தாம் எண் ஆள்.

“அக்கா, இது அடுத்து யார்கிட்ட போகும்?” என்று அவன் ஸ்டோர் அக்காவிடம் கேட்டான்.

“ரெண்டாம் நம்பர்கிட்ட. அதோ, உனக்குப் பின்னாடி நிக்கிறாங்க.”

அவன் திரும்பினான். அவள் கையில் இருந்த படிவத்தை மிகவும் அக்கறையாகப் படித்தாள். அது அவளே எழுதிய படிவம்.

“மொத்தம் எத்தனை குடை நமக்குப் பொது மேடம்?”

“ஒண்ணு.”

“ஒண்ணுதானா?”

“யாருக்கும் யாருக்கும் ஒண்ணுதான். உங்களுக்கும் கேட்காரருக்கும்கூட அதே அஞ்சுதான்.”

“அவரைப் பத்தி நான் கேட்கலையே...”

ஸ்டோர் அக்கா இருமினாள். அவளுக்கு இருமல் இல்லை.

அடுத்த வாரம் முழுக்க மழை. கம்பெனியைச் சுற்றியிருக்கும் தெருக்கள்தான் அவனுடைய பகுதி. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஏதாவது ஒரு வாசலில் அவன் தென்படுவான். இடது கையில் குடை, வலது கையில் பென்சில், நோட்டை மார்போடு அணைத்து எண்களை எழுதிக்கொண்டிருப்பான். அவள் மூன்றாம் எண் குடையோடு கடந்து போவாள். “அஞ்சு எப்படி இருக்கு?” என்று கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது, கேட்டால் அவன் பதில் அவள் மனதில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அவள் கொடுக்கும் மதிப்பெண் அவளுடையதாக இருக்காது. ஆகவே, “மழை...” என்பாள். “ஆமா, மழை,” என்பான் அவன். உலகத்தில் இதைவிடக் குறைவாகப் பேசி இதைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர்கள் இருக்க முடியாது.

இரண்டாம் சனிக்கிழமை, ஐந்தாம் எண் குடையை அவன் மேஜைமேல் வைக்கவில்லை. நேராக அவளிடம் நீட்டினான். உலர்த்தி, மடிப்பு மடிப்பாக நீவி, பட்டியைச் சுற்றிக் கட்டியிருந்தான். கடையில் விற்கும்போதுகூட அவர்கள் குடை அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

“பார்த்துக்குங்க,” என்றான். குடையையா, அவளையா என்று அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை, அந்தக் குடை ஒழுகியது.

வலது தோளில் சொட்டுச் சொட்டாக, நிதானமாக... அவள் நம்ப மறுத்தாள். செவ்வாய்க்கிழமையும் ஒழுகியது. படிவத்தில் ‘தோள் நனைந்ததா?’ என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டாள். புதன்கிழமை முதல் இரண்டு வாரப் படிவங்கள் இருந்த உறைகளைப் பிரித்துக் கணக்குப் போட உட்கார்ந்தாள். ஐந்தாம் குடைக்குக் கேட்காரர் மூன்று போட்டிருந்தார். அவரும் வலது தோள் என்று எழுதியிருந்தார்.

மீட்டர்காரன் ஒன்பது போட்டிருந்தான். வேறு எந்தக் குடைக்கும் யாரும் அவ்வளவு போட்டிருக்கவில்லை. தோள் நனைந்ததா? இல்லை. ஆறு நாளும் இல்லை.

அவள் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா மழையிலும் நடந்திருக்கிறான், நிமிடக் கணக்கு கச்சிதமாக இருக்கிறது. ஆனால் ஒன்பது... அந்தக் குடை அடுத்து தன் கைக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். உலர்த்தி, நீவி, கட்டி... அவளுக்குக் காது வரை சூடேறியது. முதலில் அது வெட்கமாக இருந்தது, பிறகு கோபமாக மாறியது. தனக்காக ஒருவன் பொய் சொல்வான் என்றால் வேறு எதில் வேண்டுமானாலும் சொல்லட்டும். அவளுடைய கணக்கில் சொல்லக் கூடாது.

மதியம் அவன் கேட்டருகே வந்தபோது அவள் தாளோடு எதிரே போய் நின்றாள்.

“அஞ்சுக்கு ஒன்பது எதுக்குப் போட்டீங்க?”

“நல்லா இருந்துச்சு. போட்டேன்.”

“ஒழுகுது. எனக்கும் ஒழுகுது, கேட்காரருக்கும் ஒழுகியிருக்கு.”

“எனக்கு ஒழுகலை.”

“அடுத்து எனக்குத்தான் வரும்னு தெரிஞ்சு... எனக்காகப் போட்டீங்களா?”

அவன் கண்களில் இருந்த சிரிப்பு, மீட்டரில் மின்சாரம் நின்றால் சக்கரம் நிற்பதுபோல, நின்றுவிட்டது.

“பூட்டின வீட்டுக்கு ‘பூட்டியிருந்தது’ன்னு எழுதிட்டு மறுநாள் திரும்பப் போறவன் நான். போன மாசத்தைப் பார்த்து ஒரு எண்ணைப் போட்டா யாருக்கும் தெரியப்போறதில்லை. போட மாட்டேன். நான் பார்க்காத எண்ணை எழுதினதே இல்லை.” நோட்டைப் பைக்குள் செருகினான். “உங்களுக்காகப் போட்டிருந்தா ஒன்பது ஏன் போடறேன்? பத்துப் போட்டிருப்பேன்.”

திரும்பிப் போய்விட்டான். ஏழாம் எண் குடை, மழையில், கொஞ்சமும் சாயாமல் போனது.

மேலாளர் அதிகம் பேசாதவர். அவள் முதன்முதலாக இந்தத் திட்டத்தைச் சொன்னபோது, ஆளுக்கு மூன்றே குடையில் ஏழையும் அறியலாம் என்பது அவருக்கு நம்பும்படியாக இல்லை. அவள் பிடிவாதத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டார். இப்போது தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“உன் படத்துலயே ஒரு கோடு வளைஞ்சிருந்துச்சே. அதுதான் வழுக்கிடுச்சு போல.”

அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“அந்த ஆள் குடுத்ததை நீக்கிடு. வேற ஆள் போட்டு அந்த மூணு குடையை மட்டும் திரும்பப் பார்க்கலாம். ஆனா நீக்கினா காரணம் எழுதணும். அவரை அனுப்பினது அவங்க ஆபீஸ், அதனால ஒரு பிரதி அங்கயும் போகணும். சனிக்கிழமை மதியத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு.”

கடிதம் நான்கே வரி. ‘தங்கள் ஊழியர் பதிவு செய்த அளவுகள் உண்மையானவை அல்ல...’ அவள் அதைத் தட்டச்சு செய்து மேஜையில் வைத்தாள். கேட்காரர் வழியாக ஒரு சேதி மட்டும் தெரிந்தது. அவன் ஐந்து வருடமாகத் தற்காலிக ஊழியன். அடுத்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறார்கள். மீட்டர் படிப்பவன் பொய்யாக எழுதுகிறான் என்று ஒரு கடிதம் போனால் நிரந்தரம் என்ன, தற்காலிகமும் மிஞ்சாது.

வியாழக்கிழமை கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமையும் போடவில்லை. போடாமல் இருக்க அவளிடம் காரணமும் இல்லை. மூன்று பேரில் இருவர் ஒழுகுகிறது என்றால் ஒழுகுகிறது. அவனை நம்ப ஆசையாக இருந்தது, அதுதான் அவளுக்குப் பெரிய சந்தேகம். ஆசைப்பட்டு நம்பினால், அவன் செய்ததாகத் தான் சொன்ன தப்பைத் தானே செய்தது ஆகிவிடாதா?

அண்ணி வெள்ளிக்கிழமை மாலை காய்கறி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அவள் வாங்கினாள். பாதித் தெருவில் பையின் ஒரு காது அறுந்தது. பையை அடியில் கைகொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. கனமான பை, வலது கைதான் தாங்கும். குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் உணர்ந்தாள். தோள் காய்ந்திருந்தது.

அண்ணாந்து பார்த்தாள். மழை குறையவில்லை. பையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பத் தெருவில் இறங்கினாள். வலது கையில் பிடித்தாள், சொட்டியது. இடது கை, சொட்டவில்லை. மறுபடி வலது. மறுபடி இடது... மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, குடையோட கபடி ஆடறே?”

அவள் காதில் விழவில்லை. விளக்கு வெளிச்சத்தில் துணியைத் தடவினாள். ஒரு தையலில் மட்டும் நூல் தளர்ந்திருந்தது. பிடியில் பொத்தான் இருக்கிறது. யார் பிடித்தாலும் பெருவிரல் அதன்மேல் போய் உட்காரும். வலது கையில் பிடித்தால் அந்தத் தையல் தோளுக்கு நேர்மேலே வந்து நிற்கும். இடது கையில் பிடித்தால் அது முன்னால் போய், வெளியே எங்கோ சொட்டும்.

இடது கையில் குடை, வலது கையில் பென்சில்... எத்தனை வாசல்களில் அவனை அப்படிப் பார்த்திருக்கிறாள். கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று பார்த்தாளே தவிர, கணக்குக்கு வேண்டும் என்று பார்க்கவில்லை.

அவன் பார்த்ததைத்தான் எழுதியிருந்தான். துணி நல்ல துணி, அது ஒன்பதுதான். அவளும் கேட்காரரும் மதிப்பெண் போட்டது ஒரு தளர்ந்த நூலுக்கு. வாசற்படியில் உட்கார்ந்து அவள் அழுதாள். சத்தமில்லாமல், கொஞ்ச நேரம்தான். காய்கறிப் பை நனைந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை மேலாளரின் அறைக்குள் அவள் குடையோடு நுழைந்தாள். பின்னால் ஸ்டோர் அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள்.

“சார், கொஞ்சம் வராந்தாவுக்கு வாங்க. இதை வலது கையில பிடிங்க.”

“எதுக்கு?”

“பிடிங்க சார்.”

ஸ்டோர் அக்கா நாற்காலியில் ஏறி, வாழ்நாளெல்லாம் இதற்காகவே காத்திருந்தவள்போல, குவளை குவளையாக ஊற்றினாள். மேலாளரின் வலது தோளில் சட்டை கறுத்தது. இடது கைக்கு மாற்றச் சொன்னார்கள். இன்னும் நான்கு குவளை. இடது தோள் காய்ந்தே இருந்தது. மேலாளர் குடையை இறக்கி, தையலைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார்.

“மீட்டர் படிக்கிறவர் இடது கையிலதான் பிடிப்பார், வலது கையில எழுதணும்,” என்றாள் அவள். “அவர் எழுதினது உண்மை. தப்பு படிவத்துல இருக்கு. எந்தக் கைன்னு ஒரு கட்டம் வச்சிருக்கணும். நான் வைக்கலை.”

“இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா?”

“எழுதிட்டேன் சார்.”

அவள் நீட்டிய தாளில் நான்கு வரிதான் இருந்தது. ‘சோதனைப் படிவத்தை அமைத்ததில் தவறு என்னுடையது...’ மேலாளர் படித்தார். “எல்லாத்தையும்விட நல்ல துணி அஞ்சுதான்னு முதலாளிகிட்ட சொல்றேன். மத்த ஆறுலயும் தையலைப் பார்த்துடுங்க. ஆனா, இனிமே உன் படிவம் எதுவா இருந்தாலும் நான் பார்த்த பிறகுதான் வெளிய போகும்,” என்றார். அது அவளுக்கு வலித்தது. பழைய கடிதத்தை அவரே கிழித்தார், அந்தச் சத்தத்தில் வலி பாதி குறைந்தது.

அவள் கேட்டுக்கு ஓடியபோது கேட்காரர் கையில் ஏழாம் எண் குடை இருந்தது.

“இப்பத்தான் குடுத்துட்டுப் போனார் மேடம். உள்ள வரலைன்னுட்டார். நிறுத்தத்துலதான் நிப்பார், பஸ் இன்னும் வரலை.”

அவள் ஸ்டோருக்குத் திரும்பி ஓடினாள். தையல் எந்திரத்தில் ஐந்தாம் எண் குடைக்கு ஸ்டோர் அக்கா இரண்டு வரி ஓட்டித் தந்தாள். ஓட்டி முடிக்கும் வரை ஒன்றும் கேட்கவில்லை. இருமவும் இல்லை.

அவன் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் குடை இல்லை. பிளாஸ்டிக் உறையோடு நோட்டைத் தலைக்குமேல் பிடித்திருந்தான். அவள் இருநூறு அடியும் நடந்து அவன் எதிரே போய் நின்றாள்.

“எங்க போகணும்? வாங்க, விட்டுட்டு வர்றேன்.”

“மூணாவது வரி இருக்கே மேடம்.”

“சோதனை முடிஞ்சிடுச்சு.”

அவன் நகரவில்லை. மழை இருவருக்கும் நடுவே பெய்தது. சொல்லிவிட வேண்டும்... இப்போது சொல்லாவிட்டால் பஸ் வந்துவிடும்.

“உங்க ஒன்பது சரி. ஒரு தையல் விட்டிருக்கு. வலது கையில பிடிச்சாத்தான் ஒழுகும். நீங்க எந்தக் கையில பிடிப்பீங்கன்னு தினமும் பார்த்துட்டு இருந்தேன். ஆனா நினைச்சுப் பார்க்கலை. எழுதிக் குடுத்துட்டேன், தப்பு என்னோடதுன்னு. உங்க ஆபீசுக்கு எதுவும் போகாது.” மூச்சு விட்டாள். “மன்னிச்சிடுங்க.”

“நீங்களும் பார்த்ததைத்தானே எழுதினீங்க. ரெண்டு.”

“அதுக்கு மட்டும் இல்லை. எனக்காகப் பொய் சொன்னீங்களான்னு கேட்டேனே, அதுக்கு.”

அவன் அன்று முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான். அதே கண்கள், கடைசி இலக்கம் வரை படிக்கும் கண்கள்... சக்கரம் மெல்ல மறுபடி சுற்றத் தொடங்கியது.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள் அவள். குரல் நடுங்கியது, வார்த்தை நடுங்கவில்லை. “பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

அவன் தலைக்குமேல் பிடித்திருந்த நோட்டை இறக்கினான்.

“எனக்கு முதல் திங்கட்கிழமையே உங்களைப் பிடிச்சிடுச்சு,” என்றான் அவன். “குடை பக்கத்துலயே இருக்க, விதிக்காக இருநூறு அடி நனைஞ்சுட்டு வந்தீங்களே... அப்பவே. படிவத்துல அதை எழுத ஒரு கட்டம் இல்லை. அதான் எழுதலை.”

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவன் குடைக்குள் வந்தான். பழக்கத்தில் இடது கையை நீட்டிப் பிடியை வாங்கப் போனான். பழக்கத்தில் அவள் வலது கை அதை விடவில்லை. அவள் இடப்பக்கம், அவன் வலப்பக்கம்... இரண்டு கையும் ஒரே பிடியில், பித்தளை வளையத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருந்தன. மாற்றிக்கொள்ள வேண்டியதே இல்லை.

“உங்க கணக்குப்படி நமக்குப் பொதுவா ஒரே ஒரு குடைதான்,” என்றான் அவன்.

“ஒண்ணு போதும்.”

பஸ் வந்து நின்றது. அவளுக்கு இடது தோளும் அவனுக்கு வலது தோளும் நனைந்துகொண்டிருந்தன. இருவரும் ஏறவில்லை.